மாமாவின் துப்பாக்கிக்கு ஒரு ஜோடித் தோடு

பத்து வயதிலேயே பிரெஞ்சுத் துப்பாக்கிக்கு உதிரிப்பாகம் செய்து கொடுத்தவன் நான். டீக்கடையில் முப்பது வருஷமாக இப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிகிறேன். பொய். செய்தது திருநள்ளாற்றில் நகை செய்கிற பத்தர். நான் செய்தது அதற்கு முந்தைய வேலை. இருந்த பாகத்தைத் தொலைத்தேன். ஆனால் நீங்களே சொல்லுங்கள், நான் தொலைக்காவிட்டால் அவர் எதைச் செய்திருப்பார்?

முட்டி தேய்ந்து, மாத்திரை டப்பாவைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அலையும் நம் செட்டு ஆட்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். பேரப்பிள்ளைகளிடம் படித்துக் காட்டாதீர்கள். நான் மூன்றாம் வகுப்பை மூன்று வருஷம் படித்தவன். அவ்வளவு ஆழமாக அந்த வகுப்பை வேறு யாரும் படித்ததில்லை. இது நடந்தது அதன் மூன்றாம் வருஷத்தில்.

அப்பாவின் அக்கா, அதாவது என் அத்தை, தருமபுரத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்வீட்டில் இருந்தார். நடுவில் ஒரு கிணறுதான். அத்தையின் வீட்டுக்காரர், என் மாமா, சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருபது வருஷம் இருந்து பென்சனோடு திரும்பியவர்களைக் காரைக்காலில் அப்படித்தானே சொல்வோம், அவர்கள் வீட்டு அம்மாக்களை மதாம் என்று. வீட்டுக்குள்ளும் பெல்ட் போட்டுக்கொண்டிருப்பார். சோற்றைக் கரண்டியால் சாப்பிட்டுவிட்டுக் கையைக் கழுவுவார். கை படாத சோற்றுக்குக் கை எதற்குக் கழுவ வேண்டும் என்று அத்தை கேட்டால், "ஒழுங்குடி, ஒழுங்கு" என்பார். ஊரில் என் மார்க்கைக் கேட்காத ஒரே பெரிய மனிதர் அவர். அதனாலேயே அவரை எனக்குப் பிடிக்கும்.

மாமாவிடம் ஒரு துப்பாக்கி இருந்தது. யாரையும் சுடுவதற்கு இல்லை. தாளில் வட்டம் போட்டு, குறி பார்த்துச் சுடுகிற பழைய ஒற்றைக் குண்டுத் துப்பாக்கி. லைசென்சைக் கண்ணாடி போட்டு, மாதா படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தார். துப்பாக்கி பீரோவில் பூட்டுக்குள் இருக்கும். அதன் குறிகாட்டியை மட்டும் தனியாகக் கழற்றி, எண்ணெய்த் துணியில் சுற்றி, ஒரு பிஸ்கட் டின்னில் வைத்திருப்பார். அந்த டின்னைத்தான் நான் பார்க்கலாம், தொடலாம், துடைக்கலாம்.

குறிகாட்டி என்றால் கட்டைவிரல் உயரத்துக்கு ஓர் இரும்புச் சாமான். அதன் தலையில் ஒரு வளையம். வளையத்தில் மரை போட்டு, சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு கறுப்புத் தட்டு திருகி மாட்டியிருக்கும். தட்டின் நடுவே பொடி ஓட்டை. அந்த ஓட்டையில் கண்ணை வைத்து, குழாய் முனையில் நிற்கும் மொட்டைப் பார்த்து, அதை இலக்கோடு சேர்த்துச் சுட வேண்டும். மாமா அதற்கு ஏதோ பிரெஞ்சுப் பெயர் சொல்வார். சொல்லும்போது வாய் குவிந்து, முத்தம் கொடுக்கப் போகிறவர் மாதிரி இருப்பார். நாங்கள் கண்தட்டு என்போம்.

வருஷா வருஷம் பிரெஞ்சுக்காரர்களின் தேசியத் திருநாளான பதினாலு ஜூலை அன்று சொல்தாக்கள் மெடலைக் குத்திக்கொண்டு ஊர்வலம் போவார்கள். அது உங்களுக்குத் தெரியும். ஊர்வலம் முடிந்த பிறகு, பூவம் பக்கத்தில் ஒரு தென்னந்தோப்பில் எங்கள் மாமாவும் அவர் கூட்டாளிகள் ஏழெட்டுப் பேரும் கூடிச் சுடுவது தெரியாது. ஆளுக்கு ஐந்து குண்டு. முதலாவதாக வருகிறவருக்கு ஒரு பாட்டில். கடைசியாக வருகிறவர் பிரியாணிக்கு வெங்காயம் உரிக்க வேண்டும். மாமா அதுவரை வெங்காயம் உரித்ததே இல்லை.

அந்த வருஷம் ஜூன் மாதத்தில் பிரான்சிலிருந்து அவர் மகன் எழுதிய கடிதம் வந்தது. அப்பாதான் படித்தார். நான் ஜன்னல் கம்பியில் தொங்கிக்கொண்டு கேட்டேன். மாமாவுக்குக் கண் மங்கிவிட்டதாகக் காரைக்காலிலிருந்து போன யாரோ அவனிடம் சொன்னார்களாம். இனிமேல் அங்கே தனியாக இருக்க வேண்டாம், வீட்டைக் கொடுத்துவிட்டு இரண்டு பேரும் இங்கேயே வந்துவிடுங்கள், டிக்கெட் எடுக்கிறேன் என்று எழுதியிருந்தான்.

"எவன்டா சொன்னது என் கண்ணு மங்கிப்போச்சுன்னு?" என்று மாமா எழுந்தார்.

"போன ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சு வர்றப்ப தபால் பெட்டிகிட்ட நின்னு நலம் விசாரிச்சீங்களே, ஊரே பாத்துச்சு" என்றார் அத்தை.

"அது வெளையாட்டுக்குடி. ஏன், இப்ப சொல்லவா? அந்தா நிக்கிற தென்னையில எத்தன காய்னு சொல்லவா?"

"சொல்லுங்க மச்சான்" என்றார் அப்பா.

"பதினாலு."

அப்பா கடிதத்தால் முகத்தை மூடிக்கொண்டார். மாமா கை காட்டியது தெருவிளக்குக் கம்பத்தை.

அத்தைக்குப் பிரான்சு போவதில் அப்படி ஓர் ஆசை என்று நாங்கள் எல்லோருமே நம்பினோம். மகன் முன்பு அனுப்பியிருந்த கம்பளிச் சட்டையை எடுத்து, ஆனி மாத வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்து மீன் கழுவுவார். முகத்தில் வியர்வை ஆறாக ஓடும். "என்னக்கா இது?" என்று அப்பா கேட்டால், "பழகிக்கிறேன்" என்பார். மாமாவுக்கு அந்தச் சட்டையைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும். இருபது வருஷம் அந்தக் குளிரில் கால் மரத்துப்போய்க் காவல் நின்றவர். இனி வெயில் இல்லாத ஊரில் சாக மாட்டேன் என்பது அவர் கட்சி.

அன்று சண்டை முற்றி மாமா ஒரு வார்த்தை விட்டார். "வர்ற பதினாலு ஜூலைக்கு அஞ்சுல நாலு கறுப்புல விழல, நானே பெட்டியக் கட்டுறேன்."

"மாதா மேல சத்தியமா?"

"சத்தியமா. விழுந்துட்டா?"

"விழுந்துட்டா உங்கப்பாவுக்குக் கழுகுக் கண்ணு, நாங்க எங்கயும் வர்றதா இல்லன்னு நானே மவனுக்கு எழுதிடுறேன்."

அப்பா சாட்சி. ஜன்னலில் தொங்கிய நான் அரைச் சாட்சி. வட்டத்தின் நடுவே கறுப்பாக அடித்திருக்கும் பகுதியில் நாலு குண்டு விழுந்தால் அவர்கள் இங்கே. விழாவிட்டால் கிணற்றுக்கு அந்தப் பக்கம் பூட்டு.

இப்படிப்பட்ட நேரத்தில்தான் மாங்கனித் திருவிழா வந்தது.

சாமி பெரியதாக இருந்தாலும் எனக்கு அதில் மாம்பழம்தான் பெரியது. நாங்கள் மாதா கோயில்காரர்கள்தான். ஆனால் மாடியிலிருந்து வந்து விழுகிற மாம்பழம் ஞானஸ்நானச் சீட்டா கேட்கிறது? பிச்சாண்டவர் தெருவில் வர வர, இரண்டு பக்க மாடிகளிலிருந்தும் பழம் பறக்கும். கீழே தலைகள், அதற்கு மேல் கைகள். முந்தின வருஷம் எனக்கு ஒரு பழம்கூடக் கிடைக்கவில்லை. பிறர் பழத்தின் சாறு மட்டும் தலையில் கிடைத்தது. எந்த மாடியிலிருந்து நல்ல பழம் வருகிறது என்று முன்கூட்டியே பார்த்து வைத்துக்கொண்டால் போதும் என்று என் மூன்று வருஷப் படிப்பு சொன்னது. அதற்குக் கருவி? மாமா மதியம் தூங்கும்போது பிஸ்கட் டின்னைத் திறந்து, கண்தட்டைத் திருகிக் கழற்றி, டவுசர் பைக்குள் போட்டேன். ஓட்டை வழியாகத் துப்பாக்கிக்கே தூரத்தில் இருப்பது தெரிகிறது, எனக்குத் தெரியாதா என்று நினைப்பு.

கடிகாரம் ரிப்பேர் செய்கிறவர் மாதிரி அதைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு, தெருவின் நடுவில், மாடியைப் பார்த்து நின்றேன். நன்றாகத்தான் தெரிந்தது. ஒரு மாடியில் மஞ்சள் சேலை கட்டிய அம்மா பெரிய பழமாக எடுப்பது தெரிந்தது. அவர் கையைப் பின்னால் கொண்டுபோவது தெரிந்தது. பழம் பெரிதாகிக்கொண்டே வருவதும் தெரிந்தது. நகர வேண்டும் என்பதுதான் தெரியவில்லை.

சரியாகக் கண்ணில். எனக்குப் பின்னால் நின்ற ஒருவர், "குறின்னா இது குறி!" என்று அந்த அம்மாவைப் பாராட்டினார். பழம் என் கையில் விழுந்தது. தட்டு எங்கே விழுந்தது என்று இன்றுவரை தெரியாது. கூட்டம் கலைந்த பிறகு, தோலும் கொட்டையும் நசுங்கிக் கிடந்த தெருவில் தவழ்ந்து தேடினேன். இரண்டு பொத்தானும் ஒரு கொலுசுத் திருகும் கிடைத்தன. அழுதுகொண்டே மாம்பழத்தைத் தின்றேன். பழம் நன்றாகத்தான் இருந்தது.

இனி என்ன வழி? காரைக்காலில் லேத் பட்டறை இருந்தது. ஆனால் பட்டறைக்காரரின் அண்ணனும் சொல்தா. காலையில் கொடுத்தால் மத்தியானத்துக்குள் மாமா காதுக்குப் போய்விடும். அம்மாவின் தோட்டுத் திருகு ஒருமுறை தொலைந்தபோது திருநள்ளாற்றுப் பத்தர் புதிதாக மரை வெட்டிக் கொடுத்தது ஞாபகம் வந்தது. அந்தப் பொடித் திருகுக்கே மரை வெட்டுகிறவருக்குத் துப்பாக்கி எம்மாத்திரம்? குறிகாட்டியை டவுசர் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். அன்றைக்கென்று சனிக்கிழமை. எள்ளெண்ணெய் வாசனையும் ஈரத் துணியுமாகக் கூட்டம். ஊர் ஊராகச் சனியைத் தொலைக்க வந்திருந்தார்கள். நான் ஒருவன்தான் தொலைத்துவிட்டு வந்திருந்தேன்.

பத்தர் குறிகாட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்னாடா தம்பி இது, தண்ணிக் குழா மாதிரி இருக்கு?"

துப்பாக்கிச் சாமான் என்றால் பயந்துவிடுவார். "எங்க அத்தையோட பிரான்சு தோடுங்க" என்றேன். "இந்தக் கம்பியில மாட்டித்தாங்க வச்சிருப்பாங்க. அதுல திருகுற, நடுவுல பொடி ஓட்ட போட்ட தட்டு மட்டும் தொலஞ்சு போச்சுங்க."

"யாரு, தருமபுரத்து மதாமா? அப்பப் பவுன்லயே செஞ்சுடுவோமா?"

"வேணாங்க! செம்பே போதுங்க. அவங்களுக்குப் பவுன் அலர்ஜிங்க."

இந்தப் பொய் எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியாது. பத்தர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு மெழுகை உருட்டி, வளையத்துக்குள் அழுத்தி, உதறி எடுத்தார். மெழுகில் மரை அப்படியே வரிவரியாக விழுந்திருந்தது. அந்த அழகை மறக்க முடியாது. அதை வைத்துத்தான் வெட்டுவாராம். புதன்கிழமை வரச் சொன்னார்.

புதன்கிழமை பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் போனேன். பள்ளிக்கூடம் என்னைத் தேடவில்லை. பத்தர் ரோஸ் தாளைப் பிரித்துக் காட்டினார். சிரித்த முகம். தட்டு பளபளவென்று, ஓரத்தில் பூவிதழ் வெட்டி, மாட்டினால் மரை வெண்ணெய் மாதிரி இறங்கியது. நடுவில் ஓட்டை இல்லை. ஒரு சிவப்புக் கல் இருந்தது.

"ஓட்ட எங்கங்க?"

"ஓட்டையா? பொம்பள காதுல போடுற சாமானுக்கு நடுவுல ஓட்ட வச்சா நல்லாவாடா இருக்கும்? நீ சொன்னியேன்னு தொளச்சேன். மனசு கேக்கல. ஒரு செவப்புக் கல்லு கெடந்துச்சு, பதிச்சுட்டேன். நம்ம ஆசைக்கு இருக்கட்டும், கொண்டு போய்க் குடு."

அவ்வளவு ஆசையாகச் செய்த மனிதரிடம் என்ன சொல்வது? திருகி மாட்டி, எண்ணெய்த் துணியில் சுற்றி, டின்னில் வைத்துவிட்டேன். மாமா கண்டுபிடித்துவிட மாட்டாரா என்கிறீர்களா? அவருக்குக் கண் தெரியவில்லை என்று ஊரே சொல்கிறதே, ஊர் பொய்யா சொல்லும் என்று ஒரு நம்பிக்கைதான்.

இரண்டு நாள் கழித்து, மத்தியானம், அத்தை கடைக்குப் போயிருந்தார். மாமா டின்னை எடுத்தார். துணியைப் பிரித்து, குறிகாட்டியைத் தடவித் தடவித் துப்பாக்கியில் மாட்டினார். பார்க்காமலேயே கை பழக்கத்தில் மாட்டினார். பிறகு துப்பாக்கியைத் தூக்கி, ஜன்னல் பக்கம் திருப்பி, கண்ணை வைத்தார்.

துணியால் கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். பிறகு மெதுவாகத் துப்பாக்கியைக் கட்டிலில் வைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்தார். வலது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டார்.

"டேய்."

"என்ன மாமா?"

"ரத்தம் கட்டிருச்சுடா. எல்லாம் செவப்பாத் தெரியுது. கண்ணு போச்சுடா."

அவ்வளவு மெல்லிய குரலில் அவர் பேசி நான் கேட்டதே இல்லை. பெல்ட் போட்ட மனிதர் ஒருவர் பயந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. எனக்குத் தாங்கவில்லை. தட்டு, மாம்பழம், மஞ்சள் சேலை, பத்தர், சிவப்புக் கல் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன். உதை வாங்குவதற்காகத் திரும்பியும் நின்றுகொண்டேன்.

உதை வரவில்லை. திரும்பிப் பார்த்தேன். மாமா தட்டை விரலால் தடவிப் பார்த்து, கல் தட்டுப்பட்டதும், குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, அதற்குப் பிறகுதான் என் காதைத் திருகினார். மரை வெண்ணெய் மாதிரி இறங்கியது.

"அத்தைக்குத் தெரியுமா?"

"தெரியாது மாமா."

"தெரியவே கூடாது."

ஊசியால் கல்லை நெம்பி எடுத்தோம். கல் உட்காருவதற்காகப் பத்தர் ஓட்டையைப் பெரிதாக்கியிருந்தார். "இதுக்குள்ள மாட்டுவண்டியே போவும்" என்றார் மாமா. மறுநாள் இரண்டு பேருமாகத் திருநள்ளாறு போனோம். மாமா பஸ்ஸில் என் தோளில் கை வைத்துக்கொண்டே வந்தார். பாசம் என்று நினைத்துக்கொண்டேன்.

பத்தர் மாமாவைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். "வாங்க வாங்க, உக்காருங்க. தோடு புடிச்சிருந்துச்சா மதாமுக்கு?"

மாமா என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். "ரொம்பப் புடிச்சிருந்துச்சு" என்றார் மாமா. "இன்னொண்ணு வேணும். இதே மரை. ஆனா கல்லு வேணாம். ஓட்டதான் வேணும். அதுவும் நான் சொல்ற அளவுல வேணும்."

அன்று முழுக்க அங்கேதான். பத்தர் புதுத் தட்டுக்கு மரை வெட்டி, முத்துக் கோக்கிற துளைக்குப் போடுகிற பொடி ஊசியால் நடுவில் ஓட்டை போட்டார். மாமா வாங்கி, கண்ணில் வைத்து, எதிர்ச்சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தார்.

"இருட்டா இருக்கு. ஒரு மயிரளவு பெருசு பண்ணுங்க."

பத்தர் ஊசியை ஒரு சுற்று விட்டார். மாமா மறுபடி பார்த்தார். "இன்னும் ஒரு சுத்து." மறுபடி. "ஆங்... ஆனி... இருவத்தி மூணு... சனிப் பெயர்ச்சிக்கு ஸ்தல வழி... போதும் பத்தரே! தொடாதீங்க!"

வெறும் கண்ணால் அந்தச் சுவரில் காலண்டர் இருப்பதையே அவர் கவனிக்கவில்லை. ஓட்டை வழியாக அடியில் இருந்த பொடி எழுத்து வரை வாசித்தார். எனக்கு அது உறைக்கவே இல்லை. பத்தருக்கு வேறொன்று உறைத்தது.

"தப்பா நெனச்சுக்காதீங்க. தோட்டுக்கு எதுக்குங்க ஓட்ட வழியாக் காலண்டர் பாக்குறீங்க?"

"பிரான்சுல அப்படிப் பாத்துத்தான் வாங்குவாங்க" என்றார் மாமா. பொய் எங்கள் குடும்பத்தில் ரத்த வழியில் மட்டும் வருவதில்லை.

கடைசியாக மாமா படித்துப் படித்துச் சொன்னார்: மெருகு போடக் கூடாது, கல்லோ பூவோ கூடாது, கறுத்துக் கிடந்தாலும் பரவாயில்லை. பத்தர் தலையாட்டினார். நாங்கள் காப்பி குடித்துவிட்டு வருவதற்குள் ரோஸ் தாளில் மடித்து, நூல் கட்டித் தயாராக வைத்திருந்தார். அத்தை கண்ணில் பட்டுவிடுமே என்று மாமா அதைப் பதினாலாம் தேதி விடிகிற வரைக்கும் பிரிக்கவே இல்லை. அன்று காலை, இருட்டு அறையில், கதவைச் சாத்திக்கொண்டு திருகி மாட்டினார். உருப்படியாக இருப்பதாகத்தான் அங்கே தோன்றியது.

தோப்பில் வெயில் தென்னை ஓலை வழியாகக் கோடுகோடாக இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு பக்கம் பிரியாணி அடுப்பு. இன்னொரு பக்கம் பாயில் சொல்தாக்களின் மனைவிமார்கள், கூட அம்மாவும் என் கைக்குழந்தைத் தங்கையும். அத்தை நடுவில். கம்பளிச் சட்டையை மடியில் மடித்து வைத்திருந்தார். அப்பா ஏற்கெனவே பிரான்சிலிருந்து எனக்கு என்னென்ன அனுப்பச் சொல்லலாம் என்று பேச ஆரம்பித்திருந்தார்.

எண்ணிக்கைக்கு முன்னால் பழகிப் பார்க்க இரண்டு குண்டு உண்டு. மாமா படுத்து, முதல் குண்டைச் சுட்டார். தாளில் படவே இல்லை. இரண்டாவது, தாளுக்குப் பின்னால் நின்ற தென்னை மட்டையில் பட்டது. யாரோ, "வெங்காயம் உரிக்க ஆளு கெடச்சாச்சு!" என்றார்கள். மாமா தலையைத் தூக்கி என்னைத் தேடினார். ஓடினேன்.

"பளபளன்னு கண்ணக் குத்துதுடா. வெளிச்சம் அதுலயே தெறிக்குது. ஓட்டையே தெரியல."

குனிந்து பார்த்தேன். கண்தட்டு கல்யாணப் பொண்ணு மாதிரி மின்னியது. பத்தர் மெருகு போட்டுவிட்டார். மெருகு போடாமல் ஒரு சாமானைப் பட்டறையை விட்டு வெளியே அனுப்ப அவர் கை விடவில்லை. அவரைச் சொல்லிக் குற்றம் இல்லை. தோடு என்று சொன்னவன் நான்.

"துணியால மூடலாமா மாமா?"

"மூடுனா எதுல பாக்குறது, உன் மூக்குலயா?"

அப்போது அத்தை எழுந்து வந்தார். வரும் வழியில் அம்மாவின் பையிலிருந்து தங்கச்சிக்குப் பொட்டு வைக்கிற மை டப்பாவை எடுத்துக்கொண்டார். எல்லோருக்கும் மூத்த சொல்தா ஒருவர் இருந்தார். அவர்தான் நடுவர். "மதாம், இங்கல்லாம் வரக் கூடாது" என்று கையைக் காட்டினார்.

"எம் புருசன் மூஞ்சியத் தொடைக்க யாருகிட்ட உத்தரவு வாங்கணும்?" என்றார் அத்தை.

மாமா பக்கத்தில் குந்தினார். முந்தானையால் அவர் நெற்றியைத் துடைத்தார். இன்னொரு கையால், நடுவர் பார்க்காதபடி, மையை விரலில் எடுத்து, கண்தட்டு முழுக்க வட்டமாகத் தடவினார். ஓட்டையில் அடைத்த மையைத் தலையிலிருந்து கொண்டை ஊசியை உருவிக் குத்தி எடுத்தார். பளபளப்பு போன இடம் தெரியவில்லை.

மாமா வாயைத் திறந்தபடியே கிடந்தார். அத்தை குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "ஞாயித்துக்கெழம சந்தையில பத்தரப் பாத்தேன். ஒண்ணுல கல்லு இருக்கு, ஒண்ணுல இல்ல, ஜோடி எப்படிங்க சேரும்னு அவருக்கு ஒரே வருத்தம். ரெண்டையும் நான் காதுல போட்டுக்கிட்டு இருக்கேன்னு நெனச்சுக்கிட்டு இருக்காரு." பிறகு எழுந்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "ஒழுங்காச் சுடுங்க, பெட்டியெல்லாம் தயாரா இருக்கு!" என்று சொல்லிவிட்டுப் போனார்.

முதல் குண்டு கறுப்பு. இரண்டாவது கறுப்பு. மூன்றாவதுக்கு மாமா மூச்சுவிட்டுவிட்டார், வெள்ளையில் போனது. நாலாவது கறுப்பு. இனி ஒன்றுதான். நான் பாயைப் பார்த்தேன். அத்தை மடியிலிருந்த கம்பளிச் சட்டையை இரண்டு கையாலும் முறுக்கிக்கொண்டிருந்தார். ஈரத் துணியைப் பிழிகிற மாதிரி முறுக்கினார். தோல்வி வரட்டும் என்று வேண்டுகிறார் போலிருக்கிறது என்று நினைத்து எனக்கு அவர் மேல் கோபம்கூட வந்தது.

குண்டு போனது. தாளைப் பார்க்கப் போன பிரியாணி மாஸ்டர் அங்கிருந்து கத்தினார்: "கோட்டுல நிக்குது!"

தாளை மூத்த சொல்தாவிடம் கொண்டுவந்தார்கள். கறுப்பின் ஓரத்தைத் தொட்டும் தொடாமலும் ஓட்டை. அவர் தாளை மூக்கோடு ஒட்டி வைத்துப் பார்த்தார். தூர வைத்துப் பார்த்தார். வெயிலுக்குக் காட்டிப் பார்த்தார். அவர் கண்ணும் மாமா கண் மாதிரிதான் என்று பிறகு தெரிந்தது. கடைசியில் தாளை விட்டுவிட்டு, பாயில் இருந்த அத்தையின் முகத்தைப் பார்த்தார்.

"கறுப்பு!" என்றார்.

மாமா எழுந்து திரும்பினார். தோப்பே வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. வலது கண்ணைச் சுற்றி அச்சடித்த மாதிரி கறுப்பு வளையம். "மதாம் கிட்ட போனாங்களே, அப்பவே ஒண்ணு விட்டாங்க போல!" என்றார் ஒருவர். அப்படியே குழுப் படம் எடுத்தார்கள். அந்தப் படத்தைத்தான் அத்தை மகனுக்கு அனுப்பினார். அப்பாவுக்குக் கழுகுக் கண் என்று எழுதி, அதோடு இந்தப் படம். அவன் பதறிப்போய், அப்பாவை யார் அடித்தது என்று கேட்டுப் பதில் போட்டான்.

திரும்பும்போது அத்தையோடு பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். எனக்கு மனசு கேட்கவில்லை. "பாவம் அத்தை நீங்க. பிரான்சு போறதுக்கு எவ்ளோ ஆசயா இருந்தீங்க."

"நானா?" என்று நின்றுவிட்டார். "அங்க போயி யாருகூடடா சண்ட போடுவேன்? மருமவ வெள்ளக்காரி. நான் திட்டுனா அவளுக்குப் புரியாது, அவ திட்டுனா எனக்குப் புரியாது. அது ஒரு வீடா?"

"அப்ப கம்பளிச் சட்ட?"

"உங்க மாமா எதுக்கு வீம்பு புடிப்பாருன்னு எனக்குத் தெரியாதா? நான் வேணாம்னு சொல்லியிருந்தா, புள்ள கூப்புடுறானேன்னு அடுத்த கப்பல்ல ஏறியிருப்பாரு. ஒரு மாசமா அத மாட்டிக்கிட்டு எனக்கு வேர்க்குருவே வந்துருச்சு."

போன மாதம் எனக்குக் கண்ணில் புரை எடுத்தார்கள். அதற்கு முன்னால் டாக்டரம்மா, சுவரில் இருந்த எழுத்தை வாசிக்கச் சொன்னார்கள். எழுத்தே தெரியவில்லை, பனி மாதிரி இருந்தது. அப்போது ஒரு கறுப்பு அட்டையைக் கண்ணுக்கு முன்னால் பிடித்தார்கள். அட்டையில் பொடிப் பொடி ஓட்டை. அதன் வழியாகப் பார்த்தால் எழுத்து நிற்கிறது! மங்கின கண்ணும் சின்ன ஓட்டை வழியாகக் கொஞ்சம் தெளிவாகப் பார்க்குமாம். "ஏம்மா, இதுல தோடு செய்யலாமா?" என்று கேட்டேன். நர்சு என் பெயருக்குப் பக்கத்தில் ஏதோ எழுதிக்கொண்டார்.

அப்படியானால் மாமாவுக்கு அந்த வருஷம் பாதிக்கு மேல் கண் போய்விட்டிருந்தது. அந்த ஓட்டை ஒன்றுதான் அவருக்கு மிச்சம். அதைத்தான் நான் மாம்பழத்துக்காகக் கொண்டுபோய்த் தெருவில் போட்டேன். பஸ்ஸில் தோளில் வைத்த கை பாசம் மட்டும் இல்லை, படி தெரியாததாலும்தான். நாங்கள் எல்லோரும் கைதட்டி, கழுகுக் கண் என்று கடிதமும் போட்டுவிட்டதால், அவரை டாக்டரிடம் கூட்டிப்போக யாருக்கும் தோன்றவில்லை. அத்தை மட்டும் மறுநாளிலிருந்து அவரோடு கூடவே நடக்க ஆரம்பித்தார். "எனக்கு முட்டி வலி, கையப் புடிச்சுக்கங்க" என்பார். அத்தைக்கு முட்டி இரும்பு மாதிரி இருந்தது.

இரண்டு வருஷம் கழித்து மாதா கோயில் பள்ளிக்கூடத்தில் கண் முகாம் போட்டார்கள். அத்தை எப்படியோ தள்ளிக்கொண்டு போய்விட்டார். கட்டுப் பிரித்த அன்று நாங்கள் எல்லோரும் கட்டிலைச் சுற்றி நின்றோம். மாமா கண்ணைக் கொட்டிக் கொட்டிப் பார்த்தார். என்னைப் பார்த்தார், நாலாம் வகுப்புக்கு வந்துவிட்டாயா என்று கேட்கவில்லை, நல்ல மனிதர். பிறகு அத்தையைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"என்னாடி இது, தல பூரா இப்படி நரச்சுக் கெடக்கு?"

"அது நரச்சு அஞ்சு வருசமாச்சு. நீங்க தொப்பாக்கி ஓட்ட வழியா என்னய என்னைக்குப் பாத்தீங்க?"

எல்லோரும் சிரித்தோம். மாமா மட்டும் சிரிக்கவில்லை. அத்தையின் கையைப் பிடித்து, எங்கள் எல்லோர் முன்னாலும், பட்டாளத்துக்காரர் ஒருவர் அப்படிச் சொல்வார் என்று நான் நினைத்ததே இல்லை, அவர் என்ன சொன்னார் என்றால்...

இருங்கள். வீட்டுக்காரி கூப்பிடுகிறாள். "கதை அப்பறம் எழுதலாம். சொட்டு மருந்து ஊத்தணும், வந்து மல்லாக்கப் படுங்க!" என்கிறாள். போகாவிட்டால் இங்கேயே வந்து ஊற்றிவிடுவாள். அவள் குறி என்றைக்கும் தப்பியதில்லை.